மஞ்சள் பட்டைக் காரல்

ஜனவரி 12

அன்புள்ள அண்ணா,

உன் தங்கை உயிரோடுதான் இருக்கிறாள், மூக்கு மட்டும் செத்துப்போய்விட்டது. நீ, அண்ணி, அம்மா மூவரும் எப்படி இருக்கிறீர்கள்? அம்மாவின் இருமல் நின்றதா? அண்ணி முழங்காலுக்கு வைத்தியரிடம் போனார்களா, இல்லை இன்னும் தைலத்தைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்களா?

வேலை எப்படி என்று கேட்டிருந்தாய். சாப்பிட்டு முடித்துவிட்டு மேலே படி. படகுத்துறையின் கோடியில் ஒரு தகரக் கொட்டகை. நடுவில் சிமெண்ட் மேசை, மூலையில் அடைத்துக்கொண்ட சாக்கடை. படகு வந்ததும் பெட்டிகளை என் மேசையில் கவிழ்ப்பார்கள். கவிழ்த்ததும் எழும்புவது மீன் குவியல் இல்லை, சளிக் குவியல். காரல் என்கிற பொடிமீன் கக்கிய வழவழப்பு, நசுங்கிய ஜெல்லிமீன், பிளாஸ்டிக் பை, யாரோ கழற்றி எறிந்த செருப்பு, எல்லாம் சேர்ந்து ஒரே கூழ். அதற்குள் முழங்கை வரை கைவிட்டு ஒவ்வொன்றாக எடுத்து, இது இன்ன மீன், அது இன்ன மீன் என்று நான் பிரிக்க வேண்டும். நீ ஐஸ் ஆலையும் குளிர்கிடங்கும் நடத்துகிறவன். மீன் உன்னிடம் வரும்போது குளித்து முழுகித் தலைவாரிக்கொண்டு வரும். என்னிடம் வருவதைப் பார்த்தால் ஒரு வாரத்துக்குச் சோறு இறங்காது.

இவ்வளவும் எதற்கு என்றால், இந்தக் கடல் ஆழமில்லாத கடல். வெயில் அடிமண் வரை இறங்கும், தண்ணீர் எப்போதும் வெதுவெதுப்பாக இருக்கும். ஒரு பக்கம் சேறு, ஒரு பக்கம் கடல்புல், ஓரத்தில் பவளப்பாறை. இப்படிப்பட்ட இடத்தில்தான் மீன் ஜாதி ஜாதியாகப் பெருகும். முன்பு ஒரு தடவை கணக்கெடுத்துப் புத்தகமே போட்டிருக்கிறார்கள். இப்போது அரசாங்கத்துக்காக நான் எடுக்கிற கணக்கில் அந்தப் பழைய வகைகளில் பாதியாவது தேறவில்லை என்றால், இழுவைப் படகுகள் இந்தப் பக்கமே வரக்கூடாது என்று சில வருடங்களுக்குக் கடலைச் சாத்திவிடுவார்கள். பாதி தேறினால் இப்படியே வாரிக்கொண்டிருக்கலாம். என் கணக்குக்கு மீன் வாரிவரும் படகோட்டிக்கு மொட்டை என்று பெயர். தலையும் மொட்டை, பேச்சும் மொட்டை.

எண்ணி முடித்த மீன் ஒவ்வொன்றுக்கும் இடப்பக்க வயிற்றுத் துடுப்பைக் கத்தரியால் நறுக்கி எடுத்து வைத்துக்கொள்கிறேன். பரிசோதனைக்கும் ஆச்சு, ஒரே மீனை இரண்டு தடவை எண்ணாமலும் ஆச்சு. மிச்சத்தை டிரம்மில் கொட்டிவிடுவேன், கோழித்தீவனம் அரைக்கிறவர்கள் வந்து அள்ளிக்கொண்டு போவார்கள்.

உன் ஐஸ் லாரியை இங்கேயும் பார்த்தேன். நம் ஊரை விட்டு இவ்வளவு தூரம் வந்தும் உன் பெயர் எழுதிய லாரி எதிரே வந்து நிற்கிறது. பஸ்ஸில் என் பக்கத்து சீட்டில் மட்டும் யாரும் உட்காருவதில்லை. ஆக மொத்தம் ராஜ மரியாதைதான்.

வீட்டுக்காரம்மா தொலைபேசிக்குப் பூட்டுப் போட்டு வைத்திருக்கிறாள். கடிதம்தான் கதி. பதில் போடு.

நாற்றத்துடன்,
உன் தங்கை


ஜனவரி 25

அன்புள்ள வாயாடிக்கு,

அண்ணன் எழுதுவது. இங்கே எல்லோரும் சௌக்கியம். அம்மாவின் இருமல் பாதி, உன்னைப் பற்றிய கவலை பாதி. அண்ணி வைத்தியரிடம் போய் வந்தாள். அவர் மாடிப்படி ஏறாதே என்றார், நம் வீட்டில் ஏது மாடி என்று இவள் சண்டை போட்டுவிட்டு வந்துவிட்டாள்.

உன் கடிதத்தைச் சாப்பாட்டு மேசையில் உரக்கப் படித்தேன். செருப்பு வரைக்கும் வந்ததும் அம்மா எழுந்து போய்விட்டார்கள். படிக்கிறேன் படிக்கிறேன் என்று கண்ணாடி மாட்டிக்கொண்டு நீ கடைசியில் சேர்ந்த இடம் சளிக் குவியல்தானா என்று புலம்பல்.

இந்தத் தொழிலில் இத்தனை வருடம் இருந்தும் எனக்கு விற்கிற மீனின் பெயர்தான் தெரியும். விற்காத மீனைப் பற்றி நீ எழுதினால்தான் உண்டு. எது எது வந்தது, எது எது இன்னும் வரவில்லை? வரவில்லை என்று நீ ஏங்கிக்கொண்டிருக்கும் மீன்களைப் பற்றி எழுது. உன் அண்ணனும் நாலு விஷயம் தெரிந்துகொள்ளட்டும்.

கடல் சாத்துவது பற்றி இங்கேயும் பேச்சு அடிபடுகிறது. படகு ஓடாவிட்டால் ஐஸ் யார் வாங்குவார்கள் என்று ஆலையில் வேலை செய்கிறவர்கள் என்னைக் கேட்கிறார்கள். நான் என்ன சொல்ல? அதையெல்லாம் நீ மனதில் போட்டுக்கொள்ளாதே. கையுறை போட்டுக்கொள், வேளைக்குச் சாப்பிடு.

அன்புடன்,
அண்ணன்


பிப்ரவரி 8

அன்புள்ள அண்ணா,

நான் நலம் என்று எழுதினால் பொய். இரண்டு கையிலும் சொறி. கையுறைக்குள்ளே சளி புகுந்து நாள் முழுக்க ஊறுகிறது. அங்கே அனைவரின் நலனையும் விசாரித்ததாகச் சொல்.

ஒன்றும் தேறவில்லை, அண்ணா. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடுகிறேன். பெட்டிக்குப் பெட்டி காரல், காரல், காரல். இடையில் நாக்கு மீன், கொஞ்சம் கெளுத்தி, விரல்நகம் அளவு நவரைக் குஞ்சுகள். அந்தக் குஞ்சுகளைப் பார்க்கும்போதுதான் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. முட்டையிலிருந்து வந்து கண்ணைத் திறந்து பார்ப்பதற்குள் வலையில் வாரிக்கொண்டு வந்து, யாருக்கும் உதவாமல் அழுகவிட்டு, கோழிக்குப் போடுகிறார்கள். இதற்குப் பெயர் தொழிலாம். மொட்டையிடம் கேட்டால், "வலைக்குக் கண்ணா இருக்கு பாத்துப் புடிக்க?" என்கிறான்.

நான் ஏங்குகிற மீன்களைக் கேட்டிருந்தாய். உன் ஒருத்தனுக்குத்தான் இதைக் கேட்கத் தோன்றியது, சந்தோஷமாக இருந்தது. கடல் குதிரை ஒன்றுகூட வரவில்லை. கிளிமீன் வரவில்லை. அலகு மாதிரிப் பல்லால் பவளத்தைக் கொறித்துத் தின்னுமே, அதுதான். அப்புறம் உடம்பெல்லாம் நீலப்புள்ளி போட்ட களவா. பழைய புத்தகத்தில் இது மூன்றும் ஏராளம் என்று எழுதியிருக்கிறது. பாதிக்கணக்கு தேறுமா என்று எனக்கே சந்தேகமாக இருக்கிறது. இதை வெளியே சொல்லிவிடாதே. மேலதிகாரிக்கே அறிக்கை கொடுக்கும்போதுதான் தெரியவேண்டும் என்பது சட்டம்.

தேறாவிட்டால் கடலைச் சாத்துவார்கள், அதுவும் நல்லதுதான் என்று மூளை சொல்கிறது. ஆனால் இவ்வளவு நாள் படித்தது ஒரு செத்த கடலைப் பார்க்கவா என்று இருக்கிறது. உன் ஆலையை நினைத்தாலும் சங்கடமாக இருக்கிறது.

உன் தங்கை


மார்ச் 10

அன்புள்ள அண்ணா,

எல்லோரும் நலமா? நான் ரொம்ப ரொம்ப நலம்.

வந்துவிட்டது, அண்ணா. மூன்றும் வந்துவிட்டது. ஒரே பெட்டியில் கடல் குதிரை, கிளிமீன், நீலப்புள்ளிக் களவா. பெட்டியைக் கவிழ்த்ததும் அந்தச் சாம்பல் கூழுக்கு நடுவே பச்சையும் நீலமுமாக ஒரு உடம்பு மினுங்கியது. நான் போட்ட கூச்சலில் மொட்டை படகிலிருந்து ஓடிவந்துவிட்டான். முதல் தடவையாக அந்த நாற்றம் எனக்கு நாற்றமாகத் தெரியவில்லை. போய்விட்டது என்று நான் முடிவுகட்டிய கடல், போகவில்லை.

ஒரு விஷயம் மட்டும் உறுத்துகிறது. ஒவ்வொரு மீனின் வயிற்றையும் கீறி என்ன தின்றிருக்கிறது என்று பார்ப்பது வழக்கம். கிளிமீனின் வயிறு நிறையப் பவளத்துணுக்கு. எங்களுக்கு வலைவீசக் குறித்துக் கொடுத்திருப்பதோ சேற்றுப் பகுதி. மொட்டையைக் கேட்டேன், நீரோட்டம் இழுத்து வலை பாறை ஓரமாகப் போய்விட்டது என்றான். சரி என்று விட்டுவிட்டேன். நல்லது நடக்கும்போது துருவித் துருவிக் கேட்க எனக்கே மனசு வரவில்லை.

அடுத்து முள்பேத்தைக்கும் கொம்பனுக்கும் அஞ்சாளைக்கும் காத்திருக்கிறேன். முள்பேத்தை தெரியும்தானே, சீண்டினால் பந்து மாதிரி ஊதிக்கொண்டு முள்ளை நீட்டும். கொம்பனுக்குப் பெட்டி மாதிரிச் சதுர உடம்பு, நெற்றியில் இரண்டு கொம்பு. அஞ்சாளை பாம்பு மாதிரி, பாறைப் பொந்தில் இருக்கும்.

நீ ராசிக்காரன். உனக்கு எழுதின பிறகுதான் எல்லாம் வருகிறது.

உன் தங்கை


ஏப்ரல் 2

அண்ணா,

நலம் விசாரிக்கப் பொறுமை இல்லை, மன்னித்துக்கொள். எழுதி இறக்கி வைத்தால்தான் சாப்பிட முடியும்.

முள்பேத்தையும் கொம்பனும் அஞ்சாளையும் வந்தன. போன தடவை மாதிரி நான் கூச்சல் போடவில்லை. மூன்றுக்கும் கண் வெந்த முட்டை மாதிரி வெளுத்திருந்தது. துடுப்பு ஓரமெல்லாம் காய்ந்த காகிதம்போல ஒடிந்தது. அப்போதே மனசு ஒரு மாதிரியாகிவிட்டது. கூழுக்குள் கைவிட்டு அடுத்த மீனை எடுத்தேன். திருப்பிப் பார்த்தேன். இடப்பக்க வயிற்றுத் துடுப்பு இல்லை.

என் கத்தரி போட்ட வெட்டு எனக்குத் தெரியாதா? கொஞ்சம் சாய்வாகத்தான் வெட்டுவேன், கத்தரி அப்படி. நான் எண்ணி, நறுக்கி, டிரம்மில் கொட்டிய மீன், அண்ணா. அதை யாரோ டிரம்மிலிருந்து பொறுக்கி, கழுவி, உறையவைத்து, மறுபடி என் மேசையில் கொட்டியிருக்கிறார்கள். அதன் வயிற்றில் நான் கீறிய கீறல் அப்படியே இருந்தது, உள்ளே ஐஸ் தூள். நான் சாக்கடை ஓரமாகப் போய் வாந்தி எடுத்தேன்.

நாற்றமெல்லாம் எனக்குப் பழகிவிட்டது. இது பழகாது. என்னை உட்காரவைத்து என் கண்ணெதிரேயே காதில் பூச்சுற்றியிருக்கிறார்கள், நானும் கடல் பிழைத்துவிட்டது என்று குதித்திருக்கிறேன். அந்தக் கிளிமீனைப் பார்த்து அழக்கூட அழுதேன், உனக்கு எழுதவில்லை. இப்போது அதை நினைத்தால் என்மேலேயே எனக்கு அருவருப்பாக இருக்கிறது.

மொட்டையின் வேலைதான். ஆனால் மீனை உறையவைக்க அவனுக்கு ஏது வசதி? நீ குளிர்கிடங்கு நடத்துகிறவன், சொல். துடுப்பு ஓரம் அப்படி வெளுத்து ஒடிய மீனை எவ்வளவு காலம் உறையவைத்திருக்க வேண்டும்? இந்தப் பக்கம் இப்படி வாடகைக்கு இடம் கொடுக்கிறவன் யாராவது உனக்குத் தெரியுமா? மேலதிகாரிக்கு எழுதுவதற்கு முன் எனக்குத் தெரிந்தாக வேண்டும்.

உடனே பதில் எழுது.

உன் தங்கை


ஏப்ரல் 30

அன்புள்ள வாயாடிக்கு,

சௌக்கியமா? பதில் தாமதமாகிவிட்டது. ஆலையில் கம்ப்ரஸர் பழுது. அம்மாவுக்குப் பரவாயில்லை. அண்ணி உனக்குச் சொறிக்குத் தடவ மருந்து வாங்கி வைத்திருக்கிறாள், லாரியில் கொடுத்தனுப்புகிறேன்.

நீ கேட்டதற்கு வருகிறேன். ஐஸ் சரியாகப் போடாமல் காற்றில் காயவிட்டால் புது மீனுக்கும் துடுப்பு ஓரம் வெளுக்கத்தான் செய்யும். அதைவைத்து ஒன்றும் சொல்ல முடியாது. அந்தக் களவாவின் துடுப்பையும் வலைக்குள்ளேயே நண்டு ஏதாவது கடித்திருக்கும். வயிற்றுக் கீறல் வலைக் கம்பி கிழித்ததாக இருக்கும். நாள் பூராவும் கத்தரியும் கையுமாக இருக்கிறாய், பார்க்கிறதெல்லாம் உனக்கு உன் வெட்டாகத் தெரிகிறது.

மொட்டை பாவம், பிள்ளைகுட்டிக்காரன். சந்தேகத்தை வைத்துக்கொண்டு மேலே எழுதிப் போட்டுவிடாதே. புது ஊர், தனியாக இருக்கிறாய், நாலு பேரைப் பகைத்துக்கொள்ள வேண்டாம். கடலில் மீன் இருக்கிறது என்று வந்தால் உனக்கும் சந்தோஷம்தானே, எங்களுக்கும் பிழைப்பு. இதில் யாருக்கு என்ன நஷ்டம்?

எண்ணுகிற வேலையை மட்டும் பார். சீக்கிரம் முடித்துவிட்டு வீட்டுக்கு வா.

அன்புடன்,
அண்ணன்


மே 9

அன்புள்ள அண்ணா,

அனைவரும் நலம் என்று அறிந்து நிம்மதி. அண்ணி அனுப்பிய மருந்து வந்தது. சொறி அடங்குகிறது.

யோசித்துப் பார்த்தேன். நீ சொன்னதுதான் சரி. நண்டாகத்தான் இருக்கும். தனியாக இருந்து இருந்து எனக்குத்தான் புத்தி கோணலாகப் போய்விட்டது.

நல்ல செய்தி சொல்கிறேன். பாதிக்கணக்கு கிட்டத்தட்ட தேறிவிட்டது. ஒரே ஒரு வகை வந்துவிட்டால் தாண்டிவிடும், கையெழுத்துப் போட்டுவிட்டு அடுத்த பஸ்ஸில் ஏறிவிடுவேன். அது ஒரு காரல். சாதாரணக் காரல் மாதிரி வெள்ளியாகத்தான் இருக்கும், ஆனால் வாலடியில் பளிச்சென்று ஒரு மஞ்சள் பட்டை, கண்ணுக்குப் பின்னால் ஒரு கறுப்புப் பொட்டு. பழைய கணக்கெடுப்பில் ஒரே ஒரு தடவை கிடைத்ததாம். அதற்குப் பிறகு பார்த்தவர் இல்லை.

இதை மேலதிகாரிக்கும் சொல்லவில்லை, மொட்டைக்கும் சொல்லவில்லை. உனக்கு மட்டும்தான் எழுதுகிறேன். உனக்கு எழுதினால் வருகிறதே.

உன் தங்கை


மே 13

அன்புள்ள வாயாடிக்கு,

நலம். உன் கடிதம் கிடைத்ததும் எழுதுகிறேன். புத்தி தெளிந்தது என்று அம்மாவுக்கும் சந்தோஷம்.

கவலைப்படாதே, அந்தக் காரலும் வரும். கடல் உன்னைக் கைவிடாது. சும்மா தெரிந்துகொள்ளக் கேட்கிறேன்: அந்த மஞ்சள் பட்டை வாலைச் சுற்றி வருமா, ஒரு பக்கம் மட்டுமா? பொட்டு எவ்வளவு பெரிசு? மிளகு அளவா, சட்டைப் பொத்தான் அளவா?

உடனே எழுது.

அன்புடன்,
அண்ணன்


ஜூன் 3

அண்ணா,

அம்மாவும் அண்ணியும் நலமாக இருக்கட்டும்.

பட்டை சுற்றி வரும், பொட்டு மிளகு அளவு என்று ஒரு அட்டையில் எழுதிப் போட்டிருந்தேன். அந்தக் காரல் வந்துவிட்டது. சுற்றிவர மஞ்சள் பட்டை, மிளகு அளவு பொட்டு. நீ கேட்டதற்கு நான் சொன்னபடியே.

அப்படி ஒரு மீன் எந்தக் கடலிலும் கிடையாது. சொறிக்கு மருந்து தடவிக்கொண்டு என் அறைக் கட்டிலில் உட்கார்ந்து, நானாகக் கற்பித்த மீன் அது.

அதைக் கையில் எடுத்தபோது மொட்டை வாசலில் நின்று என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். நான் கூச்சல் போடவில்லை. பட்டையின் ஓரத்தை நகத்தால் நெம்பினேன். மஞ்சள் அப்படியே ஏடாக உரிந்து வந்தது. அத்தனை மீன் நாற்றத்திலும் அதன் வாசனை தெரிந்தது. நகப்பூச்சு, அண்ணா. பொட்டைத் துடைத்தால் பஞ்சில் ஈஷிக்கொண்டது, கண் மை. துறைமுகத்தில் எவனோ ஒருத்தன் பெண்டாட்டியின் டப்பாவைத் திறந்து ஒரு செத்த மீனுக்கு அலங்காரம் பண்ணி எனக்கு அனுப்பியிருக்கிறான். இத்தனை மாதம் எத்தனையோ அழுகலைத் தொட்டிருக்கிறேன். இதைத் தொட்ட கையை மட்டும் எவ்வளவு கழுவினாலும் போதவில்லை.

எனக்குச் சந்தேகம் வந்தது உன் ஏப்ரல் கடிதத்தில். நறுக்கிய துடுப்போடு வந்த மீன் எந்த மீன் என்று நான் உனக்கு எழுதவே இல்லை. நீ களவா என்று எழுதியிருந்தாய். அது களவாதான். அந்த ஒரு சொல்லை எத்தனை தடவை படித்திருப்பேன் என்று எனக்கே தெரியாது. தற்செயலாக இருக்கக்கூடாதா என்றுதான் இல்லாத மீனுக்கு ஆசைப்பட்டு எழுதினேன். வரக்கூடாது என்று வேண்டிக்கொண்டேன்.

ஆசையாகக் கேட்கிறானே அண்ணன் என்று எழுதினேன். நான் எழுத எழுத நீ பெட்டி கட்டியிருக்கிறாய். உனக்கு ஒன்று தெரியுமா, மொட்டைமேல் எனக்கு இப்போது கோபமே இல்லை.

அறிக்கையை அனுப்பிவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். இதை முதலில் எழுதியிருந்தால் அதை அனுப்பியிருக்க மாட்டேன். மார்ச்சிலிருந்து வந்ததையெல்லாம் கணக்கிலிருந்து அடித்துவிட்டேன். பாதி தேறவில்லை, எங்கேயோ கீழே நிற்கிறது. கடலைச் சாத்துவார்கள். அந்தப் பொய் மீனைப் பற்றி யாரிடம் சொல்லியிருந்தாய் என்று மேலதிகாரி கேட்பார், அதனால் உடன்பிறந்த அண்ணனிடம் என்று அதிலேயே எழுதினேன். கணக்கை வெளியே சொன்னதற்காக என்னையும் விசாரிப்பார்கள். விசாரிக்கட்டும்.

தங்கை


ஜூலை 1

அன்புத் தங்கைக்கு,

அண்ணன் எழுதுவது. அம்மா படுத்த படுக்கையாக இருக்கிறார்கள். பயப்படும்படி இல்லை.

கிடங்குக்குப் பூட்டுப் போட்டு முத்திரை வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். ஆலையில் வேலை செய்தவர்கள் வாசலில் நிற்கிறார்கள். உன்மேல் எனக்கு வருத்தம் இல்லை. ஆனால் நீ ஒரு பக்கத்தைத்தான் பார்த்திருக்கிறாய்.

ஆமாம், படகுக்காரர்கள் என்னிடம் வந்தார்கள். உன் கணக்குக்கு வேண்டிய மீனை என் கிடங்கிலிருந்து அனுப்ப நான் ஒத்துக்கொள்ளாவிட்டால் இந்தக் கரையில் ஒருத்தரும் என் ஐஸை வாங்க மாட்டோம் என்றார்கள். முதலில் பயத்தில் செய்தேன். பிறகு அது எனக்கே பிடிக்கவில்லை. எப்படி வெளியே வருவது என்று தெரியாமல் தவித்தேன். அப்போதுதான் உன் மஞ்சள் பட்டைக் காரல் கடிதம் வந்தது.

இத்தனை வருடம் மீனோடு புழங்குகிறவன், எனக்குக் காரல் தெரியாதா? படித்ததுமே தெரிந்துவிட்டது, அப்படி ஒரு மீன் இல்லை, என் தங்கை பொறி வைக்கிறாள் என்று. தெரிந்துதான் அதை அவர்களிடம் சொன்னேன். மாட்டிக்கொள்ளட்டும், இத்தோடு முடியட்டும் என்றுதான். பட்டை எப்படி, பொட்டு எப்படி என்று கேட்டதும் உனக்கு உதவத்தான். நீ புரிந்துகொள்வாய் என்று இருந்தேன்.

விசாரணை அடுத்த மாதம். அந்தப் பொறி நீயும் நானும் பேசி வைத்தது என்று நீ ஒரு வரி எழுதிக் கொடுத்தால் போதும். என் கிடங்கும் பிழைக்கும், உன் வேலையும் பிழைக்கும். அம்மாவுக்காகவாவது யோசி.

உன் அண்ணன்


ஜூலை 8

அன்புள்ள அண்ணி,

உங்கள் முழங்கால் எப்படி இருக்கிறது? அம்மாவுக்குச் சோறு இறங்குகிறதா? நீங்கள் ஒருவராக எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருப்பீர்கள், அதை நினைத்தால் சங்கடமாக இருக்கிறது.

அண்ணன் எனக்கு எழுதியது உங்களுக்குத் தெரிந்திருக்கும். என் கடிதத்தைப் படித்ததுமே அது இல்லாத மீன் என்று தெரிந்துவிட்டதாம். தெரிந்தேதான் சொல்லிவிட்டாராம். நான் ஒரு வரி எழுதிக் கொடுத்தால் எல்லோரும் பிழைப்போம் என்கிறார்.

எனக்கும் எழுத ஆசைதான், அண்ணி. அது உண்மையாக இருந்துவிடாதா என்று நாள் பூராவும் அதையே நினைத்துக்கொண்டிருக்கிறேன். அம்மா கண்ணில் நிற்கிறார்கள். ஆனால் எது உண்மை என்று எனக்குத் தெரியவில்லை. அவர் எழுத்தை எத்தனை தடவை படித்தாலும் தெரியவில்லை.

உங்களிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். என் கடிதங்களை அண்ணன் சாப்பாட்டு மேசையில் உரக்கப் படிப்பார். மே மாதக் கடிதத்தையும் அப்படித்தான் படித்திருப்பார். நான் கதை விடுகிறேன் என்று அவருக்குத் தெரிந்திருந்தால் சிரித்திருப்பார். சின்ன வயதிலிருந்து என் பொய்யைக் கண்டுபிடித்தால் அவருக்குச் சிரிப்பை அடக்கவே வராது. அன்றைக்குச் சிரித்தாரா? ஒரு வார்த்தை எழுதினால் போதும். சிரித்தார் என்று நீங்கள் எழுதினால் நான் அந்த வரியை எழுதிக் கொடுத்துவிடுகிறேன், வேறு ஒன்றும் கேட்க மாட்டேன்.

உங்கள் நாத்தனார்


ஜூலை 20

அன்புள்ள நாத்தனாருக்கு,

அண்ணி எழுதுவது. அத்தைக்குக் கஞ்சி இறங்குகிறது. என் முழங்கால் அப்படியேதான்.

ஒரு வார்த்தை போதும் என்று எழுதியிருந்தாய். பத்து நாளாகத் தபால் அட்டையை எடுப்பதும் வைப்பதுமாக இருக்கிறேன். "சிரித்தார்" என்று எழுதிவிட்டால் இந்த வீட்டில் எல்லாம் சரியாகிவிடும். எழுத வரவில்லை. சிரிக்கவில்லை.

அன்றைக்கு இரண்டு தடவை படித்தார். சாப்பாட்டைப் பாதியில் விட்டுவிட்டு எழுந்து தொலைபேசியில் ஒவ்வொரு கிடங்காகக் கூப்பிட்டு, மஞ்சள் பட்டை போட்ட காரல் இருக்கிறதா என்று கேட்டார். எங்கேயும் இல்லை என்றதும் லாரிக்காரர்களைக் கேட்டார். உன் அட்டை வந்த பிறகு ஒரு மத்தியானம் சாதாரணக் காரல் நாலைந்தைத் தாளில் சுற்றிக்கொண்டு வந்து சமையல்மேடையில் வைத்தார். உனக்குத்தான் கை நிதானம், நீ போடு என்றார்.

நீ எவனோ ஒருத்தன் பெண்டாட்டியின் டப்பா என்று எழுதியிருந்தாயே, அந்தக் கடிதத்தையும் அவர் உரக்கத்தான் படிக்க ஆரம்பித்தார், அந்த இடத்தில் நிறுத்திவிட்டார். அது என் நகப்பூச்சு. மை என்னுடையது. யாருக்குப் போகிறது என்று தெரிந்துதான் போட்டேன். ஈரத்தில் ஒட்டவில்லை. சளியை உப்புப் போட்டுத் தேய்த்து எடுத்து, மின்விசிறிக்கு அடியில் வைத்துக் காயவைத்துப் பூசினேன். மூன்று மீன் பாழானது, நாலாவது சரியாக வந்தது. அத்தை உள்ளேயிருந்து என்ன நாற்றம் என்று கேட்டார்கள், எலி செத்துக் கிடக்கிறது என்றேன்.

காய்ந்ததும் அவர் அதை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அப்போதுதான் சிரித்தார். "அசல் மாதிரியே இருக்கு. பாரு, அவளே ஏமாந்துடுவா" என்றார்.

எனக்கும் அந்த நிமிஷம் பெருமையாகத்தான் இருந்தது. அதை நினைத்தால்தான் இன்னும் சோறு இறங்கவில்லை.

உன் அண்ணி